பியானோவுக்குள் ஒரு திருகாணி

எங்கள் பள்ளி அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. கூட்ட அரங்கில் மேடைக்கு இடப்புறம் ஒரு பழைய அப்ரைட் பியானோ நிற்கிறது. ஒரு காலத்தில் காலை வழிபாட்டுப் பாடலுக்கு அதைத்தான் வாசிப்பார்களாம். இசை ஆசிரியர் பணி நிறைவு பெற்றதும் அதன்மேல் துணி போர்த்தப்பட்டது. பிறகு துணியின்மேல் விளையாட்டு விழாக் கோப்பைகள் ஏறின. சென்ற கல்வியாண்டில், கழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் உடைந்த மேசைகளுக்கும் துருப்பிடித்த பீரோவுக்கும் நடுவே அதன் பெயரும் இருந்தது.

நான் இயற்பியல் ஆசிரியர். பதினொன்றாம் வகுப்பில் அலைகள் பாடம் நடந்துகொண்டிருந்தது. நிலை அலைகள், கணு, எதிர்க்கணு, மேற்சுரம் என்று கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், பியானோ சுத்தியல்ல டிராயிங் பின் குத்துனா பழைய கௌபாய் படத்துல வர்ற சத்தம் வருமாம். வீடியோல பாத்தேன். நம்ம பியானோல செஞ்சு பாக்கலாமா?"

எப்படியும் கழிக்கப் போகிற பொருள்தானே என்று நினைத்தேன். சரி என்றேன்.

எட்டுச் சுத்தியல்களில் எட்டு பின்கள் குத்தினோம். சத்தம் வந்தது, உண்மையிலேயே வந்தது. மழுங்கிக் கிடந்த பியானோ கிணிகிணி என்று கூவியது. மாணவிகள் கைதட்டினார்கள். நானும் உற்சாகமாக மேற்சுரங்களைப் பற்றி விளக்கினேன். அது வெள்ளிக்கிழமை. வார இறுதியில் யாரோ அதை நன்றாக வாசித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஒரு கட்டை அழுந்தியபடியே நின்றது. ஒரு பின் கழன்று உள்ளே விழுந்து சிக்கியிருந்தது. இன்னொன்று சாய்ந்து, பக்கத்துச் சுரத்தின் கம்பியையும் சேர்த்து அடித்தது. மீதி பின்களைக் குறடு வைத்துப் பிடுங்கியபோது கம்பளி பிய்ந்து இழை இழையாகக் கையோடு வந்தது.

"மிஸ், நான்தான் கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள் அந்த மாணவி. சரி என்று சொன்னவள் நான். அவளுக்கு அன்று சொன்ன பதில் அவ்வளவுதான். ஆனால் அவள் முதலில் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. பியானோவுக்குள் எதையாவது வைத்து அதன் ஒலியை மாற்றுவது நல்ல காரியமா, வீண் வேலையா? அதைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். பியானோ இல்லாத பள்ளிகளிலும் இதில் பாதியைச் செய்து பார்க்கலாம்.

மதுரையிலிருந்து ஒரு ட்யூனர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். முன்பலகையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், கம்பியில என்ன வேணும்னாலும் பண்ணுங்க, எடுத்துடலாம். சுத்தியல்ல கை வைக்காதீங்க" என்றார். பிறகு ஒவ்வொரு பாகமாகக் காட்டினார்.

பியானோவில் 88 கட்டைகள். கம்பிகளோ ஏறத்தாழ 230. தாழ்ந்த சுரங்களுக்கு ஒவ்வொரு கம்பி. அது செம்பு சுற்றிய கனத்த கம்பி. மேலே போகப்போக ஒரு சுரத்துக்கு இரண்டு, பிறகு மூன்று கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் சராசரியாக 70, 80 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஈடான இழுவிசையில் நிற்கிறது. மொத்தத்தில் 15 முதல் 20 டன் வரை ஆகும். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். நாம் கட்டையை அழுத்தும்போது நெம்புகோல்கள் வழியாக ஒரு சுத்தியல் கம்பியை நோக்கி எறியப்படுகிறது. 'எறியப்படுகிறது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கடைசி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் சுத்தியலுக்கும் கட்டைக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. அது தானாகப் பறந்து போய் அடித்துவிட்டு உடனே பின்வாங்குகிறது. அப்படிப் பின்வாங்காவிட்டால் கம்பியை அதுவே அமுக்கிவிடும்.

சுத்தியலின் தலை, மரத்தின்மேல் இறுக்கி ஒட்டிய கம்பளி ஃபெல்ட். வெளிப்புறம் இழுபட்டும் உட்புறம் அமுங்கியும் இருக்கும்படி, ஒரு வில்லை வளைத்து வைத்ததுபோல அதைச் செய்திருக்கிறார்கள். மெதுவாக அடித்தால் மென்மையாகவும், வேகமாக அடித்தால் கடினமாகவும் நடந்துகொள்வது அந்த ஃபெல்ட்டின் குணம். வாசிப்பவரின் விரலில் உள்ள மென்மையும் வன்மையும் காதுக்கு வந்து சேர்வது இதனால்தான்.

சுத்தியல் கம்பியைத் தொடும் நேரம் மிகமிகக் குறைவு. நடுப்பகுதிச் சுரங்களில் நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அந்த நேரம் நீண்டால், வேகமாக அதிரும் மேற்சுரங்களைச் சுத்தியலே அமுக்கிவிடும். ஒலி மழுங்கி வரும். நேரம் சுருங்கினால் மேற்சுரங்கள் தப்பிப் பிழைக்கும். ஒலி கூர்மையாக வரும். டிராயிங் பின் செய்வது இதைத்தான். இரும்புத் தலை கம்பியைத் தொட்டதும் துள்ளி விலகுகிறது.

இந்தச் சுத்தியல் மோதலை ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் பாடநூலில் வேறு காரணத்துக்காக இடம்பெறுபவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில், பானர்ஜி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பியானோ சுத்தியல் கம்பியில் மோதுவதைப் பற்றி 1920இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு பெறுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு அவர் கவனம் பெரிதும் இசைக்கருவிகளின்மேல் இருந்தது. வகுப்பில் ராமன் விளைவை நடத்தும்போது இதையும் ஒரு வரி சொல்லலாம்.

பின் குத்திய பியானோவுக்கு அமெரிக்காவில் 'டாக் பியானோ' என்று பெயர். பழைய மதுக்கடைப் பியானோவின் ஒலி வேண்டும் என்றால் திரைப்படக்காரர்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் இதை நாடினார்கள். மேற்கின் பழைய ஹார்ப்சிகார்டு போன்ற ஒலிக்காகவும் செய்தது உண்டு. லூ ஹாரிசன் என்ற அமெரிக்க இசையமைப்பாளர், ஜாவாவின் ஐந்து சுர முறையான ஸ்லெண்ட்ரோவில் 1961இல் எழுதிய வயலின் கான்செர்ட்டோவில் இரண்டு டாக் பியானோக்களைச் சேர்த்தார். ஆகவே இதை வெறும் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. இசையாகவும் அது நின்றிருக்கிறது. ஆனால் அதன் விலை என்ன என்பதைத்தான் எங்கள் எட்டுச் சுத்தியல்களில் பார்த்தோம். பின் ஃபெல்ட்டின் இழுபட்ட இழைகளை அறுக்கிறது. அறுந்த இழை மீண்டும் சேராது. சுத்தியலின் எடை கூடுகிறது. செம்பு சுற்றிய கம்பிகளில் இரும்பு மோதினால் சுற்று தேய்ந்து நைந்துவிடும். கடைசியில் புதுச் சுத்தியல்தான் வழி. அதைத் தனியாக ஒன்றிரண்டு வாங்குவதும் எளிதல்ல.

இதே ஒலியைச் சேதமின்றிப் பெறும் வழியும் உண்டு. அதைத்தான் ட்யூனர் எங்களுக்குச் செய்து தந்தார். பல அப்ரைட் பியானோக்களில் நடு பெடலை மிதித்தால் ஒரு மெல்லிய ஃபெல்ட் பட்டை சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே இறங்கும். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையின்றிப் பழகுவதற்கான ஏற்பாடு அது. அந்தப் பட்டைக்குப் பதிலாக, சீப்புப்போலக் கீறிய துணிப்பட்டையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நாக்கின் நுனியிலும் சிறு உலோகத் துண்டைப் பொருத்தினால் போதும். சுத்தியல் உலோகத்தை அடிக்கும். உலோகம் கம்பியைத் தொடும். பெடலை விட்டால் பட்டை மேலே போய்விடும், பழைய ஒலி திரும்பும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில பியானோக்களில் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தி 'மாண்டலின்' என்று பெயரிட்டு விற்றிருக்கிறார்கள். எங்கள் பட்டையைத் தையல் பயிற்சி வகுப்புத் துணியிலிருந்து வெட்டினோம். ஷூவில் கயிறு கோக்கும் துளைக்கு அடிக்கும் உலோக வளையங்களை நுனியில் அடித்தோம். பின்னின் ஒலியில் முக்கால் பங்கு இதிலேயே கிடைத்துவிட்டது. அந்த மீதிக் கால் பங்குக்காகவா சுத்தியல்களைக் குத்தினோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சுத்தியலைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கான்லன் நான்காரோ என்பவர் 1940இல் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர். துளையிட்ட காகிதச் சுருளால் தானே இயங்கும் பியானோக்களுக்காகவே பல பத்தாண்டுகள் இசை எழுதினார். மனித விரலால் வாசிக்க முடியாத வேகம் அந்த இசையில் உண்டு. மென்மையான ஃபெல்ட்டில் அந்த வேகம் குழம்பிப் போகும் என்பதால், சுத்தியல்களைத் தோலும் உலோகமும் கொண்டு கடினமாக்கிக்கொண்டார். பியானோ அவருடையது, ஒலி வாழ்நாள் முழுவதுக்குமானது, வேறு யாரும் வந்து அதில் பழைய பாட்டை வாசிக்கப் போவதில்லை. பள்ளியின் பியானோ அப்படியல்ல. அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கும் அது வேண்டும்.

இனி திருகாணிக்கு வருகிறேன். இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது மணி அடித்த பிறகும் மாணவிகள் எழவில்லை.

1940 வாக்கில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கார்னிஷ் பள்ளி என்ற கலைப்பள்ளியில் ஜான் கேஜ் என்ற இளைஞர் நடன வகுப்புகளுக்கு இசை வாசித்து வந்தார். சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக் கலைஞர் ஆப்பிரிக்கச் சாயல் கொண்ட தன் நடனத்துக்கு இசை கேட்டார். கேஜுக்குத் தாள வாத்தியக் குழுவை வைக்க ஆசை. மேடையிலோ இடமில்லை. ஒரு கிராண்ட் பியானோவுக்கு மட்டும்தான் இடம். பியானோவைத் தாள வாத்தியமாக்க முடியுமா என்று யோசித்தார். அவருடைய தந்தை ஒரு கண்டுபிடிப்பாளர் என்பதால் பரிசோதனை அவருக்கு வீட்டுப் பழக்கம். சமையலறைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கம்பிகள்மேல் வைத்தார். ஒலி பிடித்திருந்தது, ஆனால் தட்டு குதித்துக் குதித்து நகர்ந்தது. ஆணியைச் செருகிப் பார்த்தார், வழுக்கி விழுந்தது. பிறகுதான் திருகாணியும் போல்ட்டும் தோன்றின. மரை இருப்பதால் அவை இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்து நின்றன. 'பக்கனால்' என்ற அந்த நடன இசையிலிருந்து 'தயார் செய்த பியானோ' பிறந்தது.

கேஜுக்கு முன்னோடி அவருடைய ஆசிரியர் ஹென்றி கோவெல். கட்டைகளை விட்டுவிட்டுப் பியானோவுக்குள் கைவிட்டுக் கம்பிகளைத் தடவியும் மீட்டியும் வாசிக்கும் இசையை 1920களிலேயே எழுதியவர். இந்தியாவுக்கும் வந்தவர், தன் 13ஆவது சிம்பொனிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர் வைத்தார். (கம்பிகளை விரலால் தடவ ஆசைப்படும் மாணவர்கள் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். வியர்வை பட்ட கம்பி துருப்பிடிக்கும்.)

கேஜ் 1946 முதல் 1948 வரை எழுதிய 'சொனாட்டாக்களும் இடையிசைகளும்' என்ற தொகுப்பில் 16 சொனாட்டாக்களும் 4 இடையிசைகளும் உள்ளன. அதற்காக 45 சுரங்களின் கம்பிகளில் திருகாணி, போல்ட், நட்டு, ரப்பர், பிளாஸ்டிக் என்று பொருள்களைச் செருக வேண்டும். தயார் செய்யவே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். எந்தச் சுரத்தில், எந்த இரு கம்பிகளுக்கு நடுவே, டாம்பரிலிருந்து எத்தனை அங்குலத்தில், என்ன பொருள் என்று இசைக்குறிப்பின் முதலில் ஓர் அட்டவணை தந்திருக்கிறார். ஆய்வகக் குறிப்பேட்டுக்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை. இதில் இயற்பியல் ஆசிரியருக்கு ஒரு நல்ல வினாவும் கிடைக்கிறது. அங்குலக் கணக்கு ஒன்றேயானாலும் வேறு நீளமுள்ள பியானோவில் அதே ஒலி வருமா? வராது. கம்பியின் நீளத்தில் அது எத்தனையாவது பங்கில் விழுகிறது என்பதுதான் ஒலியைத் தீர்மானிக்கிறது. அட்டவணையை எவ்வளவு கவனமாகப் பின்பற்றினாலும் இரண்டு பியானோக்கள் ஒன்றுபோல ஒலிப்பதில்லை.

அந்த இசையைக் கேட்டால் ஜாவாவின் கமெலான் போலவும், மரக்கட்டை தட்டுவது போலவும், தூரத்து மணி போலவும் இருக்கும். அதன் பொருளுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. கேஜ் அந்த நாள்களில் ஆனந்த குமாரசுவாமியின் நூல்களைப் படித்துக்கொண்டிருந்தார். 1877இல் கொழும்பில், தமிழரான முத்து குமாரசுவாமிக்கு மகனாகப் பிறந்து, பிற்காலத்தில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கலை அறிஞர் அவர். இந்தியக் கலை மரபு கூறும் நிலைத்த மெய்ப்பாடுகளையும், அவை யாவும் நாடிச் செல்லும் அமைதியையும் இசையாக்குவதே தன் நோக்கம் என்றார் கேஜ். வீரம், வியப்பு, நகை, அச்சம், சினம் என்று போகும் அந்த வரிசையைக் கேட்டதும், எங்கள் பள்ளித் தமிழாசிரியர் தொல்காப்பியத்தின் எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார். இரண்டு பாடவேளைகள் இணைந்துபோயின.

கம்பியில் திருகாணி வைத்தால் ஏன் மணி போல ஒலிக்கிறது? இதுதான் பாடத்தின் மையம்.

சீரான கம்பியின் அடிப்படை அதிர்வெண் 1 என்றால் மேற்சுரங்கள் 2, 3, 4, 5 என்று முழு எண்களாக வரும். அதனால்தான் அது ஒரே சுரமாகக் காதில் விழுகிறது. இப்போது கம்பியின் ஓரிடத்தில் ஒரு பாரத்தை வையுங்கள். அந்த இடம் எந்த மேற்சுரத்துக்குக் கணுவோ அது மாறாது. ஏனெனில் அங்கே அசைவே இல்லை. எந்த மேற்சுரத்துக்கு எதிர்க்கணுவோ அதன் அதிர்வெண் நன்றாக இறங்கும். மற்றவை இடையில் எங்கோ நிற்கும். முழு எண் வரிசை குலைந்துவிடுகிறது. முழு எண் வரிசை குலைந்த ஒலிகளைத்தான் மணி, சேகண்டி, தட்டு என்று நம் காது அறிந்து வைத்திருக்கிறது.

பாரத்துக்குப் பதில் ரப்பர் வைத்தால் கதை வேறு. அது அசைவை விழுங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ரப்பர் தொட்டால், அங்கே கணு உள்ள 3, 6 போன்றவை மட்டும் பிழைக்கும். ச என்று ஒலித்த கம்பி மேல் ஸ்தாயி ப என்று பாடும்.

நமக்கு இது புதிதல்ல. மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு உட்காரும் முன் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தொப்பியின் நடுவில் அப்புகிறார். தோலுக்கு எடை கூடி ஒலி தாழ்கிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு பருத்தி நூலை நகர்த்தி நகர்த்தி வைக்கிறார்கள். ஜீவா பிடிப்பது என்பார்கள். நூல் சரியான இடத்தில் நின்றதும் தந்தி ரீங்கரிக்கத் தொடங்குகிறது. சுமார் 1800இல் வியன்னாவில் செய்த பியானோக்களிலும் ஒரு பெடலை மிதித்தால் காகிதச் சுருள் கம்பிகள்மேல் படிந்து ரீங்காரம் எழுப்பும் ஏற்பாடு இருந்தது. பியானோக்காரர்களும் தம்புராக்காரர்களும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இங்கேயும் ராமன் வருகிறார். வெறும் தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்று வரும். அதனால் சாதாரண முரசுக்குத் தெளிவான சுரம் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கருப்புக் கரணையின் பாரம் அந்த எண்களை இழுத்து 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்று 1920இல் 'நேச்சர்' இதழில் அவரும் சிவகாளி குமார் என்ற ஆய்வாளரும் எழுதினார்கள். தோலில் பாரம் வைத்தால் பறை கம்பியைப்போலப் பாடுகிறது. கம்பியில் பாரம் வைத்தால் பியானோ பறையைப்போல முழங்குகிறது. நான் இதைக் கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதியபோது, பின் குத்தச் சொன்ன அதே மாணவி, "அப்ப கேஜ் செஞ்சது மிருதங்கத்தோட தலைகீழ் கணக்கா மிஸ்?" என்று கேட்டாள். ஆமாம், அதுதான்.

எங்கள் பியானோவில் நாங்கள் பின்னர் செய்ததைச் சொல்கிறேன். கேஜ் பயன்படுத்தியது கிராண்ட் பியானோ. அதில் கம்பிகள் படுத்திருக்கும். வைத்த பொருள் நிற்கும். அப்ரைட்டில் கம்பிகள் செங்குத்து. மேற்புறம் சுத்தியல்களும் டாம்பர்களும் மறைத்துக்கொண்டிருக்கும். தவறி விழும் பொருள் நேராக இயங்கு பாகங்களுக்குள் போகும். ஆகவே மேற்புறத்தை விட்டுவிட்டோம். கால் வைக்கும் இடத்துக்கு மேலே உள்ள கீழ்ப்பலகையை ஒரு வில்தகடுதான் பிடித்திருக்கிறது. அதை அழுத்தினால் பலகை கழன்று வரும். கம்பிகளின் கீழ்ப்பகுதி தெரியும்.

நடுப்பகுதிக்குச் சற்று இடப்புறம், செம்பு சுற்றாத மூன்று கம்பிகள் கொண்ட ஒரு சுரத்தை எடுத்துக்கொண்டோம். அதிரும் நீளம் 84 செ.மீ. சரிபாதி இடம் கட்டைகள் அமர்ந்திருக்கும் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஆனால் கீழிருந்து 28 செ.மீ.யும் 21 செ.மீ.யும் கைக்கு எட்டின. மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. பென்சில் ரப்பரை நீளவாக்கில் ஆப்புப்போல வெட்டி, மூன்று கம்பிகளையும் தொடும்படி மெல்லச் செருகினோம். 28இல் வைத்தபோது மேல் ஸ்தாயிப் பஞ்சமம் கேட்டது. 21இல் வைத்தபோது இரண்டு ஸ்தாயி மேலே ஷட்ஜம். ஒரு செ.மீ. நகர்த்தியதும் இரண்டும் காணாமல் போய் வெறும் 'டப்' மிஞ்சியது. பாடநூலில் கணு என்பது ஒரு புள்ளி என்று படிப்பதற்கும், அந்தப் புள்ளியைத் தவறவிட்டு ஏமாறுவதற்கும் வேறுபாடு உண்டு. வகுப்பில் 42 பேர். அன்று யாரும் கணுவுக்கும் எதிர்க்கணுவுக்கும் குழம்பவில்லை.

திருகாணிக்குச் சிறிய பித்தளைத் திருகாணியையே எடுத்தோம். இரும்பு கம்பியைக் கீறும். கம்பிகளின் இடைவெளியைவிட மயிரிழை அளவு பருமனாக இருந்தால் போதும். கம்பிகளை விரித்துத் திணிக்கக் கூடாது. அவ்வளவு இழுவிசையில் நிற்கும் கம்பி அறுந்தால் முகத்தில் அடிக்கும். ஆகவே செருகுவது ஆசிரியர் மட்டும், கண்ணாடி அணிந்து. செம்பு சுற்றிய கம்பிகள் பக்கமே போகவில்லை. திருகாணி இரண்டு கம்பிகளைத்தான் பிடிக்கும். மூன்றாவது தன் பழைய சுரத்தையே பாடும். அந்தக் கலவையில் ஒரு தனி அழகு உண்டு.

பியானோ இல்லாத பள்ளிக்குச் சுரமானி போதும். கம்பியை இழுத்துக் கட்டி, சிறு முதலை வாய்க் கவ்வியை வெவ்வேறு இடங்களில் மாட்டி மீட்டிப் பாருங்கள். சரிபாதியில் மாட்டினால் அடிப்படைச் சுரம் இறங்கும், இரண்டாவது மேற்சுரம் அப்படியே நிற்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒலிப்பதைப் பிள்ளைகள் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். யாராவது கிதாரோ வீணையோ கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

ஒலிக்காக அல்லாமல் 'பாதுகாப்புக்காக' என்று வீடுகளிலும் பள்ளிகளிலும் செய்யும் வேலைகளையும் ட்யூனரிடம் கேட்டேன். இறுகிய கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது பெருங்கேடு. கட்டை இறுகுவது பெரும்பாலும் ஈரத்தால் மரமும் ஃபெல்ட்டும் ஊதுவதால். எண்ணெய் அதை மேலும் ஊதச் செய்யும். வீணையின் பிரடை போல உள்ளே இருக்கும் இரும்பு முறுக்காணிகளில் எண்ணெய் பட்டுவிட்டால் பிடிப்பு போய், சுருதியே நிற்காது. ஈரத்தைப் போக்க உள்ளே குண்டு பல்பு எரியவிடுவது கடலோர ஊர்களில் பழைய வழக்கம். ஒரே சீராக, மரத்தைத் தொடாமல், இரவும் பகலும் எரிந்தால் பயன் உண்டு. ஒரு வாரம் எரிந்து ஒரு வாரம் அணைந்தால் ஒலிப்பலகை விரிந்து சுருங்கி வெடிக்கும். எங்கள் பியானோவின் அடியில் தீய்ந்த பழுப்பு வட்டம் ஒன்று இருந்தது. எப்போதோ யாரோ பல்பு வைத்த தடம். இரவில் ஆள் இல்லாத பள்ளி அரங்கில் இதைச் செய்யவே வேண்டாம். கட்டைகளில் ச, ரி, க என்று ஒட்டுத்தாள் ஒட்டலாம்; அழியா மையால் எழுத வேண்டாம்.

ஆக, பயன் உண்டா என்ற கேள்விக்கு என் பதில் இது. ரப்பரும் காகிதமும் துணிப்பட்டையும் நிச்சயம் பயன் உள்ளவை. திருகாணி, கண்ணும் கையும் கவனமாக இருந்தால் பயன் உள்ளது. பின் குத்தினால் ஒலி கிடைக்கிறது. ஆனால் ரவையைப்போல அதைச் சுரண்டி எடுக்க முடிவதில்லை. கழிக்கப் போகிற கருவிதானே என்ற கணக்கும் தவறு. எங்கள் பியானோ செத்துப்போகவில்லை என்பதையே அதைக் கெடுத்த பிறகு வந்த ட்யூனர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஊதிய கட்டைகளை இழைத்து, கரப்பான் பூச்சி அரித்த ஃபெல்ட்டை மாற்றி, இரண்டு நாள் சுருதி சேர்த்தார்.

எட்டுச் சுத்தியல்களில் ஐந்தை உப்புத்தாளால் தேய்த்து ஓரளவு சரிசெய்தார். மூன்றுக்கு, தன்னிடம் இருந்த ஒரு பழைய பியானோவின் சுத்தியல்களைப் பொருத்தினார். அந்தச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். தலைமையாசிரியர் கழிவுப் பட்டியலில் பியானோவின் பெயரை அடித்துக் கையொப்பமிட்டார். கோப்பைகள் நூலகத்துக்குப் போயின. இப்போது அரங்கில் பியானோவின் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. உள்ளே ஏழு ரப்பர் ஆப்புகள், நான்கு பித்தளைத் திருகாணிகள், இரண்டு காகிதப் பட்டைகள். மூடியில் எண்ணிக்கை எழுதி ஒட்டியிருக்கிறோம். சோதனை முடிந்ததும் எல்லாம் திரும்பி வந்ததா என்று எண்ணிப் பார்ப்பது அந்த மாணவியின் பொறுப்பு. சென்ற வாரம் ஒரு ஆப்பு குறைந்தது. கீழ்ப்பலகையைத் திரும்பக் கழற்றி, டார்ச் அடித்து, பெடல் கம்பிக்குப் பின்னாலிருந்து அவளே எடுத்து வந்து டப்பாவில் போட்டாள்.